எண்ணிய மூச்சும் எழுதிய மூச்சும்

பிப்ரவரி 6

மகளுக்கு,

உன்னை நலமா என்று கேட்டு இரண்டு வருஷமாகிவிட்டது. இப்போது திடீரென்று கேட்டால் எனக்கே சிரிப்பு வரும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். நிமோனியா. பத்தொன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடந்தேனாம். இப்போது வென்டிலேட்டரிலிருந்து ஆளைப் பிரித்தெடுப்பதற்கென்றே இருக்கும் ஒரு வார்டுக்கு வந்து எட்டு நாளாகிறது. ஆறு கட்டில், ஆறு மெஷின். கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் செருகியிருக்கிறார்கள். அதனால் குரல் இல்லை. இதெல்லாம் உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, உன் தொழிலே இதுதானே.

விலாசத்தை உன் சித்தி கொடுத்தாள். "வீடியோல கூப்பிடவா மாமா, பொண்ணு முகத்தப் பாருங்க" என்றாள். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். வாயைத் திறந்து திறந்து மூட நான் என்ன தொட்டி மீனா? இன்னொரு காரணமும் உண்டு. நீ என் முகத்தைப் பார்க்க மாட்டாய், என் தலைக்குப் பின்னால் ஓடும் எண்களைத்தான் பார்ப்பாய்.

இங்கே தினமும் காலை பத்து மணிக்கு ஒருவன் வருகிறான். மூச்சுப் பயிற்சி கொடுப்பவன். நான் வைத்திருக்கும் பெயர் மூச்சு வாத்தியார். நடந்தால் செருப்பு கீச்சுக் கீச்சென்று கத்தும். மெஷின் குழாயைக் கழற்றிவிட்டு, வெறும் ஆக்சிஜன் வரும் குழலைக் கழுத்தில் மாட்டிவிட்டு, "ரெண்டு மணி நேரம் சார், சும்மா படுத்திருங்க" என்பான். சும்மா படுத்திருக்க இவனிடம் நான் படிக்க வேண்டியிருக்கிறது. இருபது நிமிஷம் தாண்டுவதில்லை. நெஞ்சு குதிரை மாதிரி ஓடுகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, கட்டில் கம்பியைப் பிடித்துத் தட்டுகிறேன். திரும்ப மெஷினை மாட்டுகிறார்கள். இதுவரை ஐந்து முறை. டாக்டர் சொல்கிறார், நுரையீரல் கொஞ்சம் அடிவாங்கியிருக்கிறது, ஆனாலும் இதைவிட நன்றாக நீங்கள் செய்யலாம், உங்களைத் தடுப்பது பயம்தான் என்று.

பயம்தான். ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். உன் அம்மாவுக்கும் இதே சோதனையைத்தான் வைத்தார்கள். இரண்டு மணி நேரம். பாஸ் என்றார்கள். மத்தியானம் குழாயை எடுத்தார்கள், சாயங்காலம் திரும்பச் செருகினார்கள், பதினோராம் நாள் போய்விட்டாள். பாஸ் ஆனவளுக்கே அந்தக் கதி என்றால் இந்தப் பரீட்சையை நான் எதற்கு எழுத வேண்டும்? முப்பத்திரண்டு வருஷம் பாய்லர் ஓட்டினவன் நான். அழுத்தத்தை அளக்கும் கேஜ் காட்டும் எண்ணை நம்பித்தான் அந்தக் கொதிகலனுக்குப் பக்கத்தில் நின்று சோறு தின்றேன். கேஜ் மேல் நம்பிக்கை போய்விட்டால் ஒரு நிமிஷம் அங்கே நிற்க முடியாது.

அதனால் ஒரே கேள்வி. அன்றைக்கு அவள் நிஜமாகவே பாஸ் ஆனாளா? எண்கள் சரியாக இருந்தனவா? நீ உள்ளே இருந்தாய். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். எனக்குக் கேட்க வேறு ஆள் இல்லை.

இதை சமாதானக் கடிதம் என்று எடுத்துக்கொள்ளாதே. அவள் போன அன்று வீட்டு வாசலில் வைத்து உன்னைச் சொன்னதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. இந்தப் பக்கத்தை எழுத எனக்கு நான்கு நாளாயிற்று. கை நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்துக் கவலைப்படாதே.

உன் தகப்பன்


பிப்ரவரி 13

அன்புள்ள அப்பாவுக்கு,

உறையில் உங்கள் எழுத்தைப் பார்த்தபோது யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். உங்களுக்கே என்று நினைக்கவில்லை. சித்திக்கு உடனே போன் செய்து திட்டினேன், ஒரு மாசமாக எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று. "உங்கப்பா மயக்கத்துக்குப் போறதுக்கு முன்னாடியே சொல்லக் கூடாதுன்னு கைய நீட்டிச் சத்தியம் வாங்கிட்டாரு, நான் என்ன பண்ண?" என்று அவளும் அழுதாள்.

அப்பா, இருபது நிமிஷம் என்பது குறைவில்லை. முதல் வாரத்தில் ஐந்து நிமிஷம்கூடத் தாங்காதவர்கள் உண்டு. மெஷின் இத்தனை நாள் உங்களுக்குப் பதிலாக மூச்சு விட்டதில் நெஞ்சுத் தசைகள் இளைத்துப் போயிருக்கும். காலில் கட்டுப் போட்டுப் பிரித்த பிறகு கால் சூம்பி இருக்கிறதல்லவா, அதே கதைதான். நான் சொல்வதை உங்கள் மூச்சு வாத்தியாரிடம் எழுதிக் காட்டுங்கள். தலைமாட்டை நன்றாக உயர்த்தச் சொல்லுங்கள். திரையை உங்கள் கண்ணுக்குப் படாமல் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் என்று ஆரம்பிக்காமல், பத்து நிமிஷத்தில் திரும்ப மாட்டி, கொஞ்சம் ஓய்வு கொடுத்து, மறுபடி பத்து நிமிஷம் என்று போகச் சொல்லுங்கள். முந்தின நாள் சரியாகத் தூங்கவில்லை என்றால் அன்று சோதனையே வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சோதனையில் தேறியவர்களிலும் பத்தில் ஒருவர், சில இடங்களில் இரண்டு பேர், திரும்ப மெஷினுக்குப் போகிறார்கள். தொண்டை வீங்கலாம், சளி அடைக்கலாம், இதயம் ஒத்துழைக்காமல் போகலாம். எல்லாவற்றையும் முன்கூட்டிச் சொல்லும் சோதனை என்று ஒன்று எங்கேயும் இல்லை. அம்மாவுக்கு நடந்ததும்... எதிர்பாராமல் நடந்ததுதான். அதை நினைத்து நீங்கள் பயப்படக் கூடாது. உங்கள் உடம்பு வேறு, அம்மாவின் உடம்பு வேறு.

நான் வரட்டுமா என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், மேலே பார்த்திருப்பீர்கள். நீங்கள் சொன்னால் வருகிறேன். சொல்லாமல் வந்து நின்று உங்கள் மூச்சை ஏற்ற எனக்கு இஷ்டமில்லை.

அன்புடன்,
மகள்


பிப்ரவரி 21

மகளுக்கு,

உன் கடிதத்தை மூச்சு வாத்தியாரிடம் காட்டினேன். "யார் சார் எழுதுனது, பாடப் புத்தகம் மாதிரி இருக்கு" என்றான். அவன் பாராட்டினான், எனக்கு வெட்கமாக இருந்தது. கேட்டது ஒன்று, நீ சுற்றி வளைத்து எழுதியது இன்னொன்று. பாய்லர் வெடித்ததா என்று கேட்டால், வெந்நீரின் குணங்கள் யாவை என்று கட்டுரை எழுதுகிறாய்.

பத்து நிமிஷக் கணக்கு செய்து பார்த்தேன். பரவாயில்லை. ஆனால் இருபதைத் தாண்டும்போது அதே கதை. திரையைத் திருப்பியும் வைத்தார்கள். திருப்பி வைத்தால் இன்னும் மோசம், என்ன மறைக்கிறார்களோ என்று மனசு கிடந்து அடிக்கிறது. திரும்ப என் பக்கமே வைக்கச் சொல்லிவிட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். அவருக்கும் குரல் கிடையாது, ஆனால் நாள் முழுக்க உதட்டை அசைத்துத் திட்டிக்கொண்டே இருப்பார். பாதி எனக்குப் புரியும். புரிந்த பாதியை எழுத முடியாது. அவர் போன செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம் தாண்டினார். வாத்தியார் கைதட்டினான். வெள்ளிக்கிழமை கட்டில் காலி. வீட்டுக்கா என்று சைகையில் கேட்டேன். பெரிய சிஸ்டர் என் தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டாள். என் தலையணை சரியாகத்தான் இருந்தது.

டாக்டர் நேற்று வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தாலே வில்லங்கம். இன்னும் மூன்று நான்கு வாரம் பார்ப்பார்களாம். அதற்குள் நான் மெஷினை விட்டு வரவில்லை என்றால், மெஷினோடேயே வாழ்கிறவர்களுக்கு ஒரு நீண்ட காலப் பராமரிப்பு இல்லம் இருக்கிறதாம், அங்கே அனுப்புவார்களாம். "அங்கயும் நல்லா பாத்துப்பாங்க" என்றார். கழுத்தில் குழாயோடு, சுவரைப் பார்த்தபடி, சாகிற வரைக்கும். எனக்கு அது வேண்டாம். என் வீட்டுக்குப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு நாலு பேரைத் திட்ட வேண்டும்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படி. இரண்டு வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது, நீ அவசரப்பட்டாய் என்று. பெரிய கெட்டிக்காரி என்று காட்டிக்கொள்ள உன் அம்மாவை அவசரப்படுத்தினாய் என்று. அதைத்தான் வாசலில் எல்லார் முன்னாலும் சொன்னேன். இங்கே படுத்து யோசிக்க யோசிக்க வேறு மாதிரித் தோன்றுகிறது. நீ எண்ணைப் பார்த்தாய், எண் சரியாக இருந்தது, நம்பினாய். உன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். எண்தான் பொய் சொல்லியிருக்கிறது. அப்படியென்றால் நான் உன்னைச் சொன்னது தப்பு. அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை என்று உனக்குத் தெரியும், ஆனால் கேட்பேன், பேனாவால் எழுதிக் கேட்பேன்.

எண்கள் சரியாக இருந்தன என்று ஒரே ஒரு வரி எழுது. போதும். அப்புறம் இந்தப் பரீட்சையையும் நான் விட்டுவிடுகிறேன். பொய் சொல்கிற கேஜை வைத்துக்கொண்டு பாய்லரை மூட்டுவதற்கு எனக்குத் தைரியமில்லை.

அப்பா


பிப்ரவரி 28

அப்பா,

உங்கள் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. அந்த ஒரு வரியை எழுதினேன். "எண்கள் சரியாக இருந்தன." மடித்து உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்பீர்கள், இரண்டு வருஷமாக நான் தூங்காமல் ஆசைப்பட்டது அதுதான். அதோடு நீங்கள் அந்த இல்லத்துக்குப் போய்விடுவீர்கள். உறையைக் கிழித்துவிட்டேன்.

எண்கள் சரியாக இல்லை அப்பா. அம்மா தேறவில்லை.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். சொந்தக்காரர்களை நாங்கள் கவனிக்கக் கூடாது என்பது வார்டு விதி. அன்று அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் என் கூட வேலை செய்தவள். பத்தேகால் மணிக்கு விபத்துக் கேஸ் ஒன்று வந்தது. "கடைசி ரீடிங் மட்டும் நீ எடுத்துடுடி, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று என் கையில் தாளைக் கொடுத்துவிட்டு ஓடினாள். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் அம்மா, நான் எண்ணினால் என்ன என்று நினைத்தேன்.

மெஷினைக் கழற்றிவிட்டுச் சோதனை செய்யும்போது மூச்சைக் கையால்தான் எண்ணுவோம். மானிட்டரில் ஓர் எண் வரும், ஆள் அசைந்தாலே அது தாறுமாறாகக் காட்டும். அதனால் நெஞ்சின் மேல் கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். முப்பத்தைந்துக்கு மேல் போனால் தேறவில்லை, திரும்ப மெஷின், மறுநாள் பார்க்கலாம். எண்ணினேன். முப்பத்தெட்டு. என் கை தப்பு செய்திருக்கும் என்று மறுபடி எண்ணினேன். முப்பத்தெட்டு.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது நாள் வாய்க்குள் குழாய், உதடெல்லாம் வெடித்திருந்தது. குழாயைச் சுற்றி உதட்டை அசைத்து "தண்ணி" என்றாள். சத்தம் இல்லை, ஆனால் எனக்குத் தெரிந்தது. அன்று காலையிலிருந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். குழாய் இருக்கும்போது தண்ணீர் கொடுக்க முடியாது. இன்னும் ஒரு நாள் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முப்பத்தெட்டுக்கும் முப்பத்தைந்துக்கும் என்ன பெரிய வித்தியாசம், பதற்றத்தில் ஏறியிருக்கும், குழாயை எடுத்தால் தானாக இறங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முப்பத்து நாலு என்று எழுதினேன். வேறு யாருடைய அம்மாவாக இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். வெளியே வந்து உங்களிடம் "பாஸ் பண்ணிட்டாங்கப்பா" என்றேன்.

குழாயை எடுத்த பிறகு ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டேன். அதை உறிஞ்சினாள். "நான் பாஸ் ஆயிட்டேன்ல?" என்று கரகரத்த குரலில் கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்புறம் எதுக்குடி மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் அவள் முழுசாக ஒரு வாக்கியம் பேசவில்லை.

நீங்கள் என் தொழில் என்று எழுதியிருந்தீர்கள். இப்போது என் தொழில் அது இல்லை. அம்மா போன பிறகு எந்த வென்டிலேட்டரையும் நான் தொடவில்லை. இந்த ஊரில் ஒரு கண் மருத்துவமனையில் வேலை. வருகிறவர்களுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, "மூடிக்கோங்க, அஞ்சு நிமிஷம்" என்று சொல்வதுதான் நாள் முழுக்க.

பரீட்சை சரியானது அப்பா. அது அன்றைக்கு இன்னும் ஒரு நாள் பொறு என்று தெளிவாகத்தான் சொன்னது. அதை மாற்றி எழுதியது நான். என்னை நம்பாதீர்கள், அந்த எண்ணை நம்புங்கள். அது முடியும் என்று சொன்னால் உங்களால் முடியும்.

வாசலில் நீங்கள் சொன்னது தப்பில்லை. எனக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம்.

மகள்


மார்ச் 12

அப்பா,

இரண்டு வாரமாகிறது. உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வார்டுக்குப் போன் செய்தேன். பெரிய சிஸ்டர் எடுத்தார். "லெட்டர் வந்துச்சு, படிச்சாரு. ரெண்டு நாள் யாரையும் கிட்ட விடல. இப்ப பரவால்ல" என்றார். சோதனையைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் அவர்கிட்டயே கேட்டுக்கம்மா, உங்கிட்ட எதுவும் சொல்ல வேணாம்னு எழுதிக் காட்டிட்டாரு" என்று வைத்துவிட்டார்.

திட்டியாவது எழுதுங்கள். வெறும் தாளை அனுப்பினாலும் சரி. நீங்கள் மூச்சு விடுகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்தால் போதும்.

மகள்


மார்ச் 18

மகளுக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். கிழிப்பதற்குக்கூட இங்கே தெம்பு வேண்டியிருக்கிறது.

முதலில் உனக்குத் தெரிய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தைப் படித்த மூன்றாம் நாள் காலை வாத்தியார் வந்தான். கழற்று என்று சைகை காட்டினேன். அன்று எனக்குப் பயமில்லை, பயத்துக்கு இடமே இல்லை, உடம்பு முழுக்கக் கோபம்தான். உன் மேல் கோபம். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். ஒரு மணி நேரம் ஆனதும் வாத்தியார் வந்து எண்ணினான், இருபத்தாறு. இரண்டு மணி நேரம் ஆனது, இருபத்தெட்டு. முன்பு இருபதாவது நிமிஷத்தில் இந்த எண்ணெல்லாம் பொய், உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றும். இப்போது இருபத்தெட்டு என்றால் இருபத்தெட்டு என்று பட்டது. இப்போது பகலில் பத்து மணி நேரம் வரை மெஷின் இல்லாமல் இருக்கிறேன். ராத்திரிக்கு மட்டும் மாட்டுகிறார்கள். நேற்று நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஜன்னல் வழியாக ஒரு சுவரும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தன. அரை மணி நேரம் அதையே பார்த்தேன்.

கோபம் ஒரு வாரம்தான் ஓடியது. அது தீர்ந்த பிறகு அடியில் வேறு ஒன்று கிடந்தது. அதை எழுதத்தான் மூன்று தாள் கிழிந்தது.

அன்று நீ வெளியே வந்து பாஸ் என்று சொல்லிவிட்டு உள்ளே போன பிறகு டாக்டர் வந்தார். இப்போதிருக்கிறவர் இல்லை, அந்த உயரமானவர். கையில் அந்தத் தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "முப்பத்து நாலு இருக்கு. ஓரத்துலதான் இருக்கு. இன்னைக்கு ஒரு நாள் பொறுத்து நாளைக்கு எடுக்கலாமா? நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார். நான் தாளை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "என் பொண்ணே பாத்திருக்கா டாக்டர். எடுத்துடுங்க" என்றேன். கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன்.

உன் மேல் இருந்த நம்பிக்கையில் சொன்னேன் என்று இரண்டு வருஷம் எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. ஒன்பது நாள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முதுகு ஒடிந்துபோயிருந்தது. இன்னும் ஒரு நாள் என்று அவர் சொன்னபோது எனக்கு முதலில் வந்த நினைப்பு உன் அம்மாவைப் பற்றியது இல்லை. இன்னும் ஒரு நாள் இந்தப் பெஞ்சா என்பதுதான். அவள் தண்ணீர் கேட்டதற்காக நீ பொய் எழுதினாய். என் முதுகு வலித்ததற்காக நான் கையெழுத்துப் போட்டேன்.

பாய்லர் ஹவுஸில் ஒவ்வொரு ரீடிங்குக்கும் இரண்டு கையெழுத்து. ஒன்று பார்த்தவன் போடுவது. இன்னொன்று, அவன் சரியாகப் பார்த்தானா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் போடுவது. பார்க்காமல் இரண்டாவது கையெழுத்துப் போட்டவனை நான் ஒரு தடவை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறேன். அந்த நான்தான் அன்றைக்குப் போட்டேன். போட்டுவிட்டு, எல்லாவற்றையும் உன் தலையில் கட்டி, ஊர் முன்னால் உன்னை நிற்கவைத்துப் பேசினேன். நீ வாயைத் திறக்காமல் நின்றாய். உனக்குப் பதில் இல்லாததால் நிற்கிறாய் என்று நினைத்தேன். பதில் இல்லாதவன் நான்.

இதற்கு மேல் கை ஓடவில்லை.

அப்பா


மார்ச் 25

அப்பா,

பத்து மணி நேரம் என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்துக்காக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் "எங்க அப்பா நாற்காலியில உக்காந்துட்டாரு" என்று சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டே "சந்தோஷம்மா" என்றார்.

மற்றதையும் படித்தேன். உங்களுக்கு ஆறுதலாக ஏதாவது எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன், எனக்குக் கோபம்தான் வருகிறது. மறைக்கப் போவதில்லை, மறைத்தது போதும். டாக்டர் உங்களிடம் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு வருஷம் அந்த முப்பத்து நாலை நான் ஒருத்தியாகச் சுமந்தேன். இன்னொரு ஆள் அதைப் பார்த்திருக்கலாம், ஒரு நாள் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம், அந்த ஆள் நீங்கள் என்று தெரியாமலே சுமந்தேன். வாசலில் நின்று நீங்கள் என்னைப் பேசியபோது உங்கள் மனசில் அந்தக் கையெழுத்து இருந்ததா? இல்லை என்று சொன்னால் நம்புவேன். ஆமாம் என்றாலும் எழுதுங்கள்.

இவ்வளவு கோபத்தோடும் நான் கிளம்பி வரத் தயாராக இருக்கிறேன். விடுப்பு கேட்டிருக்கிறேன். உங்கள் வாயால் ஒரு வார்த்தை, சரி, உங்கள் பேனாவால் ஒரு வார்த்தை வந்தால் அடுத்த ரயிலில் ஏறுவேன்.

மகள்


ஏப்ரல் 4

மகளுக்கு,

இருந்தது. வாசலில் நின்றபோது அந்தக் கையெழுத்து என் மனசில் இருந்தது. அதனால்தான் அவ்வளவு சத்தமாகப் பேசினேன்.

இங்கே நிலைமை மாறிவிட்டது. போன வாரம் மறுபடி சளி கட்டி ஜுரம் வந்தது. பத்து மணி நேரம் ஆறாயிற்று, ஆறு இரண்டாயிற்று. ரத்தத்தில் கெட்ட காற்று தங்குகிறதாம். படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நாங்கள் நினைத்ததைவிட நுரையீரல் அதிகமாகக் கெட்டிருக்கிறது, பயம் என்று உங்களைச் சொன்னது எங்கள் தப்பு என்றார். நல்ல மனுஷன். பெரிய படிப்புப் படித்தவர் என்னிடம் தப்பு என்று சொல்கிறார்.

கடைசியாக ஒரு தடவை செய்து பார்க்கலாம் என்று நான்தான் கேட்டேன். நேற்று காலை. நாற்பது நிமிஷம் ஆனதும் வாத்தியார் நெஞ்சில் கை வைத்து எண்ணினான். முப்பத்தாறு. அவன் முகம் சின்னதாகிவிட்டது. "இப்பதான் இருமுனீங்க சார், அதான் ஏறியிருக்கு. இன்னொரு தடவை எண்ணட்டுமா?" என்றான். தலையாட்டினேன். எண்ணினான். முப்பத்தாறு. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். இரண்டு மாசமாக என்னோடு மல்லுக்கட்டியவன், எனக்காக ஆசைப்படுகிறான். அவன் முகத்தைப் பார்த்தபோது அன்று உன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. தலைமாட்டில் இருந்த என் எழுது பலகையை எடுத்து, "எண்ணினதை எழுது" என்று எழுதிக் காட்டினேன். எழுதினான். மெஷினை மாட்டினான். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான்.

இனி சோதனை இல்லை. திங்கட்கிழமை என்னை அந்த இல்லத்துக்கு மாற்றுகிறார்கள். மெஷினும் கூட வருகிறது, கல்யாணம் பண்ணின மாதிரிதான். வீட்டுச் சாவியை உன் சித்தியிடம் கொடுத்துவிட்டேன். அழுதேன் என்று அவள் உனக்குச் சொல்லியிருப்பாள், உண்மைதான்.

நீ உண்மையைச் சொன்னதால் எனக்கு என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்க்காதே. நான் பார்த்துவிட்டேன். பத்துப் பன்னிரண்டு நாள் பகல் நேரம், ஒரு நாற்காலி, ஜன்னலில் ஒரு தண்ணீர்த் தொட்டி. நீ அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் அதுவும் இல்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். எழுத்து வந்தது, மனசு வரவில்லை. உன் அம்மாவின் முகம் வந்து நிற்கிறது. என்னை நானும் இன்னும் மன்னிக்கவில்லை. இல்லாததை இருக்கிறது என்று உனக்கு எழுத மாட்டேன், இனிமேல் நம் இரண்டு பேருக்கும் நடுவில் அது வேண்டாம். என்றைக்காவது வந்தால் அன்றைக்கு எழுதுகிறேன். வராமலே நான் போய்விடலாம். அதற்கும் நீ தயாராக இருக்க வேண்டும்.

ஆனால் நீ வா. மூச்சை எண்ண வர வேண்டாம், அதற்கு இங்கே ஆள் இருக்கிறார்கள். சமாதானம் பேசவும் வர வேண்டாம். உனக்கு என் மேல் கோபம், எனக்கு உன் மேல் கோபம், இரண்டு பேரும் கோபத்தோடேயே பக்கத்தில் உட்காரலாம். உன் அம்மாவைப் பற்றிப் பேச எனக்கு இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை.

இல்லத்தின் விலாசத்தைப் பின்பக்கத்தில் பெரிய சிஸ்டர் எழுதியிருக்கிறாள், என் எழுத்தை நம்பி ரயில் ஏற வேண்டாம். பார்வை நேரம் சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை. நாலு மணிக்கே வந்துவிடு.

அப்பா